மூன்றாம் வகுப்புச் சேர்மன் தேர்தல்

லோவிசா எங்கள் பள்ளிக்கு வந்த அன்றே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. ஏன் என்று கேட்டால் இப்போதுகூட ஒழுங்காகச் சொல்ல வராது. ஆசிரியர் அறைக்குள் வந்தாள், பையை ஓரமாக வைத்தாள், வயதில் மூத்தவளுக்கு ஒரு பெண் எப்படி முழங்காலிட்டு வணக்கம் சொல்ல வேண்டுமோ அப்படி என் முன்னால் முழங்காலிட்டு வணக்கம் சொன்னாள். குறை சொல்ல இடமே இல்லை. அதுதான் என் கண்ணை உறுத்தியது. நானும் அந்த வயதில் எத்தனையோ பேர் முன்னால் முழங்காலிட்டிருக்கிறேன். எழும்போது பாவாடையெல்லாம் செம்மண் ஒட்டிக்கொண்டு தட்டிக்கொண்டே நிற்பேன். இவள் எழுந்தபோது ஒரு பொட்டு மண் இல்லை.

என் பெயர் எசேசா. புசோகா பகுதியில், கரும்புக் காடுகளுக்கு நடுவே இருக்கும் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் பதினோரு வருடமாக மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் பிள்ளைகள் தொண்ணூற்று ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் பலிகோவா வகுப்பை இரண்டாகப் பிரித்தார். ஐம்பத்து மூன்று பேர் எனக்கு, நாற்பத்தாறு பேர் லோவிசாவுக்கு. இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கிற சுவர் என் தோள் உயரம்தான். கூரைவரை கட்டுவதற்குள் செங்கல் தீர்ந்துவிட்டது. அந்தச் சுவர் முழுதாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மூன்றாம் வகுப்பில் இரண்டாம் பருவம் முழுக்க 'நம் வட்டாரம்' என்ற பாடம். நம்மை ஆள்வது யார், அவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம், குடிமக்கள் என்ன செய்ய வேண்டும், என்ன கேட்கலாம். இந்தப் பாடத்தில் என்னை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆளில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அரிசிச் சாக்கைப் பிரித்து, வெள்ளையடித்து, மேலே கிராமச் சேர்மன், அவருக்குக் கீழே துணைச் சேர்மன், செயலாளர், பாதுகாப்பு, பெண்கள், இளைஞர் என்று ஒன்பது கட்டம் போட்டு நானே எழுதிய சார்ட் சுவரில் தொங்கும். மூங்கில் குச்சியால் ஒரு கட்டத்தைத் தொட்டால் ஐம்பத்து மூன்று வாயும் ஒன்றாகத் திறக்கும். 'கிராமச் சேர்மன் சண்டைகளைத் தீர்த்துவைப்பார்.' ஒரு குரல் பிந்தாது, ஒரு குரல் முந்தாது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் பாராட்டிவிட்டுத்தான் போவார்கள்.

லோவிசா சார்ட்டே எழுதவில்லை. முதல் வாரம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் கிராமம் போட்டிருந்தாள். ஒரு பையன் ஆடு. இன்னொருத்தியின் பீன்ஸ் தோட்டத்தில் அந்த ஆடு மேய்ந்துவிட்டது. கௌதா என்ற முன்பல் விழுந்த பெண் சேர்மனாகக் குப்புறக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து வழக்கு விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆட்டுக்காரர் பேசியாச்சு. இப்போ ஆடு பேசட்டும்" என்றாள் கௌதா.

"மே" என்றது ஆடு.

நாற்பத்தாறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் என் பக்கத்துப் பிள்ளைகளும் பெஞ்சில் ஏறி நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். என் மகள் மிரியா, அவளும் என் வகுப்புதான், சுவரின் மேல் தாடையை வைத்துக்கொண்டு ஒரு காலை மேலே போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"இறங்கு" என்றேன்.

"ஆடு தப்பு பண்ணுச்சா இல்லையான்னு கேட்டுட்டு இறங்கறேன் டீச்சர்."

பள்ளியில் என்னை டீச்சர் என்று கூப்பிட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். அன்றைக்கு அந்தச் சொல் எனக்கே சுருக்கென்று தைத்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. கஞ்சிக் கோப்பைகளைக் கழுவும்போது மிரியா லோவிசா வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் பாட்டைப் பாடுவாள். கோழிகளை உட்கார வைத்துப் பஞ்சாயத்துப் பேசுவாள். "ரெண்டு பக்கமும் கேக்காம தீர்ப்பு சொல்லக்கூடாதுன்னு லோவிசா டீச்சர் சொல்லியிருக்காங்க" என்று சேவலிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் ஒருநாள்.

"உன் டீச்சர் யாருடி?" என்றேன்.

"நீதாம்மா."

"அப்புறம் என்ன லோவிசா டீச்சர், லோவிசா டீச்சர்?"

"அவங்க பேசுறது சுவரத் தாண்டி வந்துடுதே. நான் என்ன, காதுல பஞ்சு வெச்சுக்கவா?"

எட்டு வயதில் அந்த வாய். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று அவள் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கி நானே கழுவினேன்.

சும்மா வயிறு எரிந்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தப் பருவம் எனக்கு முக்கியமான பருவம். கீழ் வகுப்புகளுக்கெல்லாம் தலைமை ஆசிரியையாக இருந்த மூத்த மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த இடம் காலி. பதினோரு வருடமாக அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்குத்தான் என்று ஊரிலேயே பேசிக்கொண்டார்கள். ஹெட்மாஸ்டர் இருவரையும் ஒருநாள் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை மாவட்டத்துலேர்ந்து மேடம் வர்றாங்க. குடிமைப் பாடம் எப்படி நடக்குதுன்னு பாக்கப் போறாங்க. பாடத்த நடத்துறவங்க பேரத்தான் அந்த இடத்துக்கு எழுதிட்டுப் போவாங்க, அத இப்பவே சொல்லிடறேன்."

"நான்தானே சார் நடத்தறேன்?" என்றேன்.

அவர் தொண்டையைக் கனைத்தார். நல்ல மனிதர்தான். யார் மனமும் நோகக்கூடாது என்று நினைத்து எல்லார் மனத்தையும் நோகடிக்கிறவர்.

"லோவிசா வகுப்பும் நல்லாப் போகுதுன்னு பெத்தவங்க சொல்றாங்க, மேடம் எசேசா. நான் ஒண்ணு யோசிச்சிருக்கேன். ரெண்டு வகுப்பும் சேர்ந்து புதன்கிழமை ஒரு தேர்தல் வெச்சிடுவோம். மூணாம் வகுப்புச் சேர்மன். வகுப்புக்கு ஒரு வேட்பாளர். எந்த வகுப்புப் புள்ள ஜெயிக்குதோ, அந்த வகுப்பு டீச்சர் வியாழக்கிழமை பாடம் நடத்தட்டும். சனநாயகத்தப் பத்திப் பாடம், சனநாயகமாவே முடிவு பண்ணிடலாம்."

தன் யோசனை தனக்கே பிடித்துப்போய் மேசையைத் தட்டிக்கொண்டார். லோவிசா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். மனத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்: என்னிடம் ஐம்பத்து மூன்று, அவளிடம் நாற்பத்தாறு. தேர்தலே தேவையில்லை.

எங்கள் ஊரில் சேர்மனை எப்படித் தேர்ந்தெடுக்கிறோமோ அப்படியே பிள்ளைகளும் தேர்ந்தெடுப்பார்கள் என்று முடிவாயிற்று. சீட்டு இல்லை, பெட்டி இல்லை. வேட்பாளர்கள் மைதானத்தில் தள்ளித் தள்ளி நிற்பார்கள். யாரை வேண்டுமோ அவர் முதுகுக்குப் பின்னால் போய் வரிசையில் நிற்க வேண்டியதுதான். எண்ண வேண்டியது, முடிந்தது. ஆனால் ஒன்று. யார் யார் பின்னால் நின்றார் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். போன தேர்தலில் என் நாத்தனார் எனக்குப் பிடிக்காத ஆளின் வரிசையில் போய் நின்றாள். நாலு மாதம் அவள் வீட்டுப் பக்கம் நான் உப்புக்குக்கூடப் போகவில்லை. சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது, அவளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பேன்.

என் வேட்பாளரை நானே பொறுக்கினேன். கிருண்டா. உயரமான பையன், வெளுத்த சட்டை, வெண்கலக் குரல், அப்பா வட்டார அலுவலகத்தில் வேலை. அவனுக்குப் பேச்சையும் நானே எழுதிக் கொடுத்தேன். வளர்ச்சி கொண்டுவருவேன், ஒற்றுமை கொண்டுவருவேன், பள்ளிக்கு மின்சாரம் கொண்டுவருவேன். இரண்டே நாளில் கரைத்துக் குடித்துவிட்டான். பக்கத்தில் உட்காருகிறவர்களைக் கிள்ளுவான் என்பது எனக்குத் தெரியும். பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

லோவிசா தன் பிள்ளைகளிடமே கேட்டாள். அவர்கள் கௌதாவைச் சொன்னார்கள்.

புதன்கிழமை கஞ்சி நேரத்துக்கு முன்னால் எல்லாரையும் மாமரத்தடியில் உட்கார வைத்தோம். கிருண்டா முழங்கினான். ஒரு சொல் தவறவில்லை. கைதட்டச் சொன்னேன், தட்டினார்கள். பிறகு கௌதா எழுந்தாள். காலில் செருப்பில்லை, பல்லில் ஓட்டை.

"கஞ்சி வரிசையில பெரிய வகுப்புக்காரங்க நம்மளத் தள்ளிட்டு முன்னாடி போயிடறாங்க" என்றாள். "நம்ம முறை வர்றப்போ அடியில இருக்கற தண்ணிதான் வருது. நான் சேர்மன் ஆனா ஹெட்மாஸ்டர் கிட்டப் போய், சின்னவங்க முதல்லன்னு கேப்பேன். ஒருநாள் கேட்டு முடியாதுன்னா தினமும் போய் நிப்பேன்." கொஞ்சம் யோசித்தாள். "அவ்வளவுதான்."

யாரும் கைதட்டச் சொல்லவில்லை. மாமரத்தில் இருந்த காக்கை பறந்துபோகும்படி தட்டினார்கள்.

இந்தச் சின்னக் கழுதைக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று லோவிசாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் என்னைவிட அதிக ஆச்சரியம். அவள் சொல்லிக் கொடுக்கவே இல்லை. அது இன்னும் எரிந்தது.

எண்ணும் பொறுப்பு மூத்தவளான எனக்கு. ஹெட்மாஸ்டர் மேற்பார்வை பார்ப்பதாக இருந்தது. ஆனால் அவருக்கு மாவட்டத்திலிருந்து போன் வந்துவிட்டது. எங்கள் பள்ளியில் போன் பேச்சு ஒழுங்காகக் கேட்பது கழிவறைக்குப் பின்னால் இருக்கும் கறையான் புற்றின் மேல் ஏறி நின்றால் மட்டும்தான். அவர் அங்கே ஏறிப்போய் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்.

வேட்பாளர்கள் இருவரும் எங்களைப் பார்த்து நின்றார்கள். நான் விசில் ஊதினேன். பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள்.

கூட்டமாக ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. புழுதி அடங்கியபிறகு தெரிந்தது. கிருண்டாவின் வரிசை மாமர நிழலோடு முடிந்துவிட்டது. கௌதாவின் வரிசை நிழலைத் தாண்டி, கொடிக்கம்பத்தைத் தாண்டி, கரும்பு லாரி போகும் ரோட்டுக்கே போயிருந்தது. கிருண்டா முன்பக்கம் பார்த்து நிற்பதால் அவனுக்கு எதுவும் தெரியாது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நான் வரிசைகளைப் பார்க்கவில்லை. முகங்களைப் பார்த்தேன். நான் ஒன்று ஒன்றாகப் பென்சில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள். காய்ச்சல் வந்தபோது என் முதுகில் தூக்கிக்கொண்டு போய் மருத்துவமனையில் விட்ட பையன். என் வீட்டுப் பலாச்சுளையைத் தின்று வளர்ந்த பக்கத்து வீட்டுப் பெண். எல்லாரும் அங்கே. கௌதாவின் பின்னால் ஐந்தாவதாக, முன்னால் நிற்பவளின் தோளில் கையை வைத்துக்கொண்டு, மிரியா.

அவள் என்னைப் பார்த்து ஒளியவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. சந்தோஷமாகக் கையாட்டினாள்.

நான் பெற்ற பிள்ளை. என் வரிசையில் நிற்கக்கூடாதா? பொறாமை என்றால் என்ன என்று அதுவரை எனக்குத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். லோவிசாவின் மண் படாத பாவாடை, அவள் பாட்டு, அவள் ஆடு, எல்லாம் சும்மா. மிரியாவின் கை மேலே போய் ஆடியபோதுதான் அது தெரிந்தது.

வால் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்தது. "ரோட்டுல நிக்காதீங்க! ரெண்டு ரெண்டா நில்லுங்க!" என்று கத்தினேன். அதில் சூது எதுவும் இல்லை. சத்தியமாக லாரிக்காகத்தான் சொன்னேன். கௌதாவின் வரிசை மடங்கி, ஜோடி ஜோடியாக நிழலுக்குள் வந்து நின்றது. இப்போது பார்த்தால் கிருண்டாவின் வரிசைதான் நீளம்.

கிருண்டாவின் வரிசையை முதலில் எண்ணினேன். ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவதுதான் எங்கள் வழக்கம். முப்பத்தெட்டு. அடுத்த வரிசைக்கு வந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று தொட்டுக்கொண்டே போனேன். வலதுபக்கத் தலைகளை மட்டும் என் கை தொட்டது. ஐந்தாவது, ஆறாவது தலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது என்ன செய்கிறேன் என்று. கை நிற்கவில்லை. முப்பது என்று முடித்தேன்.

"அம்மா" என்றாள் இடதுபக்கம் நின்ற மிரியா. டீச்சர் என்று சொல்ல மறந்துவிட்டாள். "என் தலைய நீ தொடவே இல்ல."

"என் தலையையும் தொடல டீச்சர்" என்றது இன்னொரு குரல்.

"எண்ணியாச்சு. எல்லாரும் உக்காருங்க."

"ரெண்டு ரெண்டாத்தானே நிக்கறோம்?"

"எனக்கு எண்ணத் தெரியாதா? வாய மூடிட்டு உக்காரு!"

லோவிசா என் பக்கத்தில் வந்தாள். பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில், "அக்கா, இன்னொரு தடவ எண்ணிடலாமா?" என்றாள்.

"உன் புள்ள தோத்துட்டா தேர்தல் தப்பாயிடுமா?" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

அவள் தன் பிள்ளைகளிடம் திரும்பிப் போனாள். ஹெட்மாஸ்டர் புற்றிலிருந்து இறங்கி மூச்சு வாங்க வந்தார். முப்பத்தெட்டுக்கு முப்பது என்று சொன்னேன். மொத்தம் எத்தனை பேர் என்று அவர் கூட்டிப் பார்த்திருந்தால் இருபத்தொன்பது பிள்ளைகளைக் காணோம் என்று தெரிந்திருக்கும். அவர் கிருண்டாவின் கையைப் பிடித்துத் தூக்கி, "நம்ம புதுச் சேர்மன்!" என்றார். பிள்ளைகள் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைதட்டுங்கள் என்றேன். தட்டினார்கள்.

சாயங்காலம் பள்ளிவிட்டுப் போகும்போது லோவிசா வாசலில் நின்றாள். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

"நீங்கதான் நடத்தணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேனேக்கா" என்றாள். "எனக்கு அந்த இடம் வேண்டாம். புள்ளைங்க கேட்டா என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொல்லியிருந்தால், அவளும் என்னைப் போலத்தான் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எனக்குப் பிச்சை போடுகிறாளாம். "உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு நடந்தேன். மிரியா எனக்குப் பத்தடி பின்னால் வந்தாள்.

வியாழக்கிழமை மாவட்ட மேடம் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் பன்னிரண்டு மணிக்குப் புழுதி படிந்த காரில் வந்து இறங்கினார். பருத்த, கலகலப்பான பெண்மணி. பிள்ளைகள் முழங்காலிட்டு வணக்கம் சொன்னார்கள். என் சார்ட்டை மாமரத்தில் மாட்டியிருந்தேன். குச்சியை எடுத்தேன். காலையிலிருந்து பழக்கியிருந்த தொண்ணூற்று ஒன்பது வாயும் ஒன்றாகத் திறந்தன. ஹெட்மாஸ்டருக்குப் பூரிப்பு. கிருண்டா வரவேற்புரையை முழங்கினான். மேடம் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சார்ட்டெல்லாம் எங்க போனாலும் காட்டறாங்க டீச்சர். நீங்க நேத்து தேர்தல் வெச்சீங்களாமே. அத எனக்கு ஒருதடவ நேர்ல காட்டுங்க. அதே ரெண்டு வேட்பாளர், அதே மாதிரி வரிசை."

மறுபடி நிற்கச் சொன்னால் அதே பிள்ளைகள் அதே பக்கம் ஓடுவார்கள். மேடத்தின் கண்ணெதிரே கௌதாவின் வரிசை ரோட்டுக்குப் போகும். நேற்று எப்படி இவன் ஜெயித்தான் என்று கேட்பார். லோவிசா எதுவும் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

"வெயிலா இருக்கே மேடம்" என்றேன்.

"மரத்தடிதானே? ஊதுங்க விசில."

கிருண்டா போய் நின்றான். கௌதா போய் நின்றாள். நான் விசில் ஊதினேன்.

யாரும் ஓடவில்லை. பிள்ளைகள் நடந்தார்கள். என் வகுப்பும் நடந்தது, லோவிசாவின் வகுப்பும் நடந்தது. ஒருவர் பின் ஒருவராகக் கிருண்டாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்கள். வரிசை நிழலைத் தாண்டியது, கொடிக்கம்பத்தைத் தாண்டியது. வாலில் நின்றவர்கள் ரோட்டைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே வளைந்து திரும்பி நின்றார்கள். கௌதாவின் பின்னால் வெறும் தரை. அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளும் நடந்துவந்து வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டாள்.

வரிசையில் முதலாவதாக நின்றவள் மிரியா.

தொண்ணூற்று எட்டுப் பேர். ஒரு பிள்ளை பாக்கியில்லை. இத்தனை நாள் நான் ஏங்கியது இதற்குத்தானே. எல்லாப் பிள்ளைகளும் என் பக்கம், சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லாமல். என் கண்ணால் பார்த்துவிட்டேன். பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"அடேயப்பா!" என்று மேடம் கைதட்டினார். "ஒரே மனசா நிக்கறாங்களே! இப்படி ஒரு ஒற்றுமைய நான் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் பாத்ததில்ல." ஹெட்மாஸ்டரும் தட்டினார். மேடம் வரிசையின் ஓரமாகவே நடந்து கடைசிவரை போனார். கௌதாவிடம் குனிந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

"ஏம்மா, நீ வேட்பாளராச்சே. உன் இடத்த விட்டுட்டு இங்க எதுக்கு வந்த?"

"அங்க நின்னா எண்ண மாட்டாங்க மேடம்" என்றாள் கௌதா.

"என்னது?"

"இந்த வரிசையில நின்னாத்தான் எண்ணுவாங்க."

அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பாடத்தில் கேட்ட கேள்விக்குத் தெரிந்த பதிலைச் சொன்னாள். சரியாகச் சொன்னேனா என்று என்னைப் பார்த்தாள்.

மேடம் நிமிர்ந்தார். "என்ன டீச்சர் சொல்றா இவ?"

நேற்று நான் தப்பாக எண்ணினேன் மேடம். இதைத்தான் சொல்ல வேண்டும். வாய்வரை வந்தது. பதவி போகும், போகட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அப்போது லோவிசா கண்ணில் பட்டாள். மாமரத்தோடு சாய்ந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் சொன்னால் அந்த நாற்காலி அவளுக்குப் போகும். அவள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போய் உட்காருவாள், முட்டியில் ஒரு பொட்டு மண் ஒட்டாமல்.

"சின்னப் புள்ள மேடம்" என்றேன். "பாடம் இன்னும் சரியாப் புரியல அவளுக்கு."

மேடம் சிரித்துவிட்டு வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அப்படியா புள்ளைங்களா?"

வரிசையின் தலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆமா மேடம். அவளுக்குப் புரியல."

மிரியாதான். என்னைப் பார்க்காமல் நேராகக் கிருண்டாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அவள் சொன்னதும் மற்றவர்களும் சொன்னார்கள். நான் பழக்கிய பழக்கம். ஒரு குரல் முந்தவில்லை, ஒரு குரல் பிந்தவில்லை. "ஆமா மேடம்." கௌதா எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு அவளும், "ஆமா மேடம்" என்றாள்.

மேடம் நோட்டைத் திறந்து பேனாவைத் தேடி எடுத்தார். என் முழுப் பெயரைக் கேட்டார். சொன்னேன்.